வெறும் தகடு

“படலம் சரியா வரலை, மேடம்.”

இருதயராஜ் இதைச் சொல்வது ஒன்பதாவது முறை.

சங்கமித்திரை நிமிரவில்லை. “எது மாதிரி வரலை?” என்று கேட்டார்.

“உங்க படலம் மாதிரி.”

அவர் பேனாவை மூடி வைத்தார். சன்னலுக்கு வெளியே மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என் படலத்தை நீங்க அளந்து பார்த்திருக்கீங்களா?”

இல்லை என்றார் இருதயராஜ். கட்டுரையில் படித்ததுதான் என்றார்.

“ம்,” என்றார் சங்கமித்திரை.

அவ்வளவுதான். மறுபடி பேனாவைத் திறந்தார்.

இருதயராஜ் வெளியே வந்தார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அன்று முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை.



கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆய்வு நிலையம். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். அதனால் ஐந்தரை மணி வண்டியில் எல்லாரும் கிளம்பிவிட வேண்டும் என்பது விதி.

இருதயராஜுக்கு வயது நாற்பத்து மூன்று. திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் பதினாறு வருடம் இயற்பியல் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தார். சொந்தக்காரர்கள் யாரும் அதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லவில்லை. மனைவி ஜெசிந்தா மட்டும், போய்ப் படியுங்கள், பிறகு ஆயுசு முழுக்கப் புலம்பக் கூடாது என்றாள்.

நெறியாளர் சங்கமித்திரைக்கு அவரைவிட நான்கு வயது குறைவு. அவர் மாணவரை ‘சார்’ என்பார். மாணவர் அவரை ‘மேடம்’ என்பார்.

சங்கமித்திரை யாரையும் திட்டியதில்லை. அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம். ஒரு கேள்வி கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார். கேள்வி மட்டும் போகாது.



அங்கே நடந்த வேலை இதுதான்.

ஒரு நீலப் பொடி. பெயிண்டில் கலக்கிற நீலச் சாயம்தான், இன்னும் சுத்தமானது. அதன் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு செம்பு அணு இருக்கும். அந்தச் செம்பு ஒரு குட்டிக் காந்தம்.

பொடியை மூசை என்கிற சிறு கிண்ணத்தில் இட்டு, காற்றை முழுக்க உறிஞ்சிவிட்ட எஃகு அறைக்குள் சூடாக்குவார்கள். பொடி ஆவியாகி மேலே எழும். மேலே ஒரு குவார்ட்ஸ் தகடு தலைகீழாகத் தொங்கும். பார்க்கக் கண்ணாடிச் சில்லு போல் இருக்கும். தீக்குச்சியைவிடச் சற்று அகலம். ஆவி அதில் போய் ஒட்டும். தலைமுடியை ஆயிரம் கூறாகச் சீவினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு கனத்தில் ஒரு நீலப் படலம் வளரும்.

குவாண்டம் கணினிக்கு இப்படிப்பட்ட காந்தங்கள் வேண்டும். ஆனால் அவை தம்மிடம் சொன்னதை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டால் கணக்கு பாதியில் கலைந்துபோகும்.

எவ்வளவு நேரம் ஞாபகம் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. தகட்டை ஒரு குழாயில் போட்டு, திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் இறக்குவார்கள். நுண்ணலையால் இரண்டு முறை தட்டுவார்கள். காந்தங்கள் ஓர் எதிரொலி கொடுக்கும். இரண்டு தட்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் எதிரொலி மெலிந்துகொண்டே வரும். எதுவரை வருகிறதோ, அதுவரை ஞாபகம்.

மற்றவர்கள் வளர்த்த படலங்கள் எல்லாம் இரண்டு, மூன்று மைக்ரோ நொடியில் மறந்துவிட்டன.

சங்கமித்திரை வளர்த்தது மட்டும் நாற்பது மைக்ரோ நொடி வரை மறக்கவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் எழுதிய கட்டுரை அது. அந்தக் கட்டுரையால்தான் அவருக்கு அந்தப் பதவி வந்தது, அந்த ஆய்வகம் வந்தது. நான்கு ஊர்களில் நான்கு குழுக்கள் அவருடைய செய்முறையை எழுத்து பிசகாமல் செய்து பார்த்துக்கொண்டிருந்தன.

யாருக்கும் நாற்பது வரவில்லை.

வராதவர்கள் அவரைச் சந்தேகப்படவில்லை. தங்கள் கையைச் சந்தேகப்பட்டார்கள்.



இருதயராஜும் அப்படித்தான்.

மூன்று வருடத்தில் முப்பது படலங்கள் வளர்த்திருந்தார். முப்பதும் மூன்று மைக்ரோ நொடியைத் தாண்டவில்லை. பட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம்தான் அவகாசம்.

முதலில் பொடியைக் குறை சொன்னார். பிறகு பம்பைக் குறை சொன்னார். பிறகு குறை சொல்வதற்குத் தன்னைத் தவிர யாரும் மிச்சமில்லை.

எஃகு அறையின் சிறிய கண்ணாடித் துளை வழியாக உள்ளே பார்ப்பதற்கே அவருக்குப் பயமாகிவிட்டது. பம்பு சீழ்க்கை அடிப்பது போல் மெல்லிய சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அந்தச் சத்தம் காதில் இருக்கும். தூங்கினால் பாலிடெக்னிக் கனவில் வரும். அவருடைய நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

அவருக்கு ஒரே ஒரு துணை இருந்தாள். நேரில் பார்த்ததில்லை. புவனேசுவரத்தில் அதே செய்முறையை வைத்துப் படலம் வளர்க்கும் மாணவி, ஸ்மிதாராணி. வாரத்துக்கு ஒரு முறை அவருக்கு எழுதுவாள். உங்கள் ஊரில்தானே அந்தப் படலம் பிறந்தது, நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று சொல்லுங்கள் என்று கேட்பாள்.

தனக்கும் வரவில்லை என்று இருதயராஜ் அவளுக்கு எழுதியதே இல்லை. வெட்கம். சூட்டைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் என்பார். இன்னும் மெதுவாக வளர்த்துப் பாருங்கள் என்பார்.

அவள் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லுவாள்.



முப்பத்தோராவது படலத்தில் எதிரொலி நீண்டது.

அந்த வாரம் புதுத் தகடுகள் தீர்ந்துபோயிருந்தன. கேட்டனுப்பியது வந்து சேரவில்லை. இருதயராஜ் அலமாரியின் அடித்தட்டைத் துழாவினார். பின்னால் ஒரு பழைய பெட்டி கிடைத்தது. மேலே ஏழு என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்று தகடுகள். ஒன்றை எடுத்துக் கழுவி, வழக்கம் போலப் படலம் வளர்த்தார்.

மறுநாள் காலையில் அளந்தார். ஐந்து மைக்ரோ நொடி தாண்டியது. எதிரொலி இருந்தது. பத்து தாண்டியது. இருந்தது. இருபதில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

நாற்பது.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அழுதாள்.

பிறகு சங்கமித்திரையின் அறைக்கு ஓடினார். சொன்னார்.

சங்கமித்திரை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எந்தத் தகடு?”

பழைய பெட்டி, ஏழாம் நம்பர் என்றார் இருதயராஜ்.

“அதுல இன்னும் எத்தனை இருக்கு?”

“ரெண்டு, மேடம்.”

“சரி,” என்றார் சங்கமித்திரை.

பாராட்டுவார் என்று இருதயராஜ் கொஞ்ச நேரம் நின்றார். பாராட்டவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது போல் இருந்தது. வெயில் வெளிச்சமாக இருக்கும் என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டார்.



இரண்டாவது தகட்டிலும் படலம் வளர்த்தார். நாற்பது.

ஆய்வகத்தில் மற்றவர்கள் இனிப்பு வாங்கி வந்தார்கள். அவர் வாயில் போட்டுக்கொண்டார். இனிக்கவில்லை. கேள்வி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

எந்தத் தகடு?

முப்பது முறை வராதது இரண்டு முறை வந்தது. பொடி அதேதான். சூடு அதேதான். கை அதேதான். மாறியது என்ன?

மூன்றாவது தகடு பெட்டியில் தனியாகக் கிடந்தது. அதைக் கையில் எடுத்தார். இதில் படலம் போடாமலே அளந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த உடனே வேண்டாம் என்றும் தோன்றியது. தகட்டைத் திரும்ப வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். டீயைக் குடிக்காமல் திரும்பி வந்தார்.

வெறும் தகட்டைக் குழாயில் போட்டுக் குளிரில் இறக்கினார்.

அதில் பொடி இல்லை. செம்பு இல்லை. காந்த மூலக்கூறு ஒன்றுகூட இல்லை. ஒன்றுமே வரக் கூடாது.

தட்டினார்.

எதிரொலி வந்தது. நாற்பது வரை வந்தது.

திரையை அணைத்தார். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒருவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

பதிவேடுகள் இருந்த அறைக்குப் போனார். பழைய நோட்டுகளைப் புரட்டினார். ஏழாம் பெட்டித் தகடுகள் வேறொரு சோதனைக்காகக் கதிர்வீச்சில் வைக்கப்பட்டுத் திரும்பி வந்தவை என்று ஒரு பக்கத்தில் இருந்தது. கதிர் பட்டால் குவார்ட்ஸுக்குள் நுண்ணிய பழுதுகள் விழும். பழுதுகளும் காந்தம் போல் நடந்துகொள்ளும். செம்பின் எதிரொலி சீக்கிரம் ஓய்ந்துவிடும். அதற்குப் பின்னாலும் கேட்டுக்கொண்டிருந்தது தகட்டின் எதிரொலி.

இன்னும் இரண்டு நோட்டுக்குப் பிறகு, சங்கமித்திரையின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

படலம் ஒன்று. தகடு: ஏழாம் பெட்டி.

இருதயராஜ் நோட்டை மூடினார். மூடியும் கையை எடுக்க முடியவில்லை.



மூன்று வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தகட்டை மெல்லிய தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அலமாரியில் வைக்கப் பயம். வேறு யாராவது எடுத்து அளந்துவிட்டால்? சட்டைப் பையிலும் பயம். உடைந்துவிட்டால்?

சொன்னால் மேடத்தின் பேர் போகும். பதினோரு வருடம் போகும். தன்னை இங்கே சேர்த்துக்கொண்ட ஒரே ஆள் அவர். வேறு இரண்டு இடங்களில் வயதைப் பார்த்தே அனுப்பிவிட்டார்கள்.

சொன்னால் தன் பட்டமும் போகும். இல்லாத ஒன்றைத் தேடி மூன்று வருடம் போயிற்று என்று எந்த ஆய்வேட்டில் எழுதுவது?

சொல்லாவிட்டால் எல்லாம் கிடைக்கும். கட்டுரை வரும். பட்டம் வரும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பெட்டியிலும் தகடு இல்லை.

அதுதான் அவரை எல்லாவற்றையும்விட நடுங்க வைத்தது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சங்கமித்திரையின் அறையைத் தாண்டாமல் போவதற்காகக் கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். வாரக் கூட்டத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். உண்மையாகவே காய்ச்சல் வந்தது.

சங்கமித்திரையும் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஒரு நாள் நடைபாதையில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். இருவரும் நின்றார்கள். இருவரும் தரையைப் பார்த்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று சங்கமித்திரை கேட்டார். பரவாயில்லை என்றார் இருதயராஜ். நடந்துவிட்டார்கள்.

மேடத்துக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் கூப்பிடவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அவருக்குத் தெரியாது, தெரிந்தால் தாங்க மாட்டார் என்று மறுகணம் தோன்றியது. இதில் எது அதிகப் பயம் என்று இருதயராஜால் சொல்ல முடியவில்லை.



நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்மிதாராணியிடமிருந்து மெயில் வந்தது.

ஆய்வை விட்டுவிடப் போவதாக எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறாளாம். நாலு வருடம் முயன்றுவிட்டாள். சிலருக்குக் கை வராது, தனக்கும் வரவில்லை, அதை ஒத்துக்கொள்வதுதான் நேர்மை என்று எழுதியிருந்தாள். இவ்வளவு நாள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி என்று முடித்திருந்தாள்.

இருதயராஜ் தட்டில் பிசைந்து வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து கை கழுவினார். முன்வாசல் வழியாகப் போனார்.



“மேடம், ஒண்ணு கேட்கணும்.”

“கேளுங்க, சார்.”

மூன்று வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை.

“ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுபோச்சு,” என்றார். “சொன்னா இன்னொருத்தர் கெட்டுப்போவாங்க. சொல்லாம இருந்தா, முகம் தெரியாத யார் யாரோ கெட்டுப்போவாங்க. அவர் என்ன பண்ணணும்?”

சங்கமித்திரை கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது.

இருதயராஜுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். தகட்டை அந்தக் கையில் வைத்தார்.

“ஏழாம் பெட்டி. கடைசித் தகடு. மேல ஒண்ணும் இல்லை, மேடம்.”

“எவ்வளவு?”

“நாற்பது.”

சங்கமித்திரை தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது தெளிவாக இருந்தது. அதன் வழியாக மலை தெரிந்தது.

இப்போது சத்தம் போடுவார் என்று இருதயராஜ் காத்திருந்தார். சத்தம் போட்டால் தேவலை என்று இருந்தது.

“இது உங்க தகடு,” என்றார் சங்கமித்திரை. “என் தகடு இல்லை.”

மறுக்கப் போகிறார் என்று இருதயராஜ் நினைத்தார். ஒரு தகட்டை வைத்து இன்னொரு தகட்டைப் பற்றிச் சொல்ல முடியாது என்று சொல்லப் போகிறார்.

சங்கமித்திரை எழுந்தார். மேசை இழுப்பறையிலிருந்து சாவி எடுத்தார். மூலையில் ஈரம் புகாத ஒரு சிறிய கண்ணாடிப் பேழை இருந்தது. அதைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு தகடு. நீலம் பூசியது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குனிந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவது அதைத்தான்.

படலம் ஒன்று.

“ஹீலியம் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார்.

“மூணு மணி நேரத்துக்கு வரும்.”

“போதும்.”



வேதிப்பொருட்கள் இருந்த அறையில் சங்கமித்திரை கையுறை மாட்டினார். இருதயராஜிடமும் ஒரு சோடி கொடுத்தார். இடுக்கியால் தகட்டின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அவர் பஞ்சைக் கரைப்பானில் நனைத்தபோதுதான் என்ன செய்யப் போகிறார் என்று இருதயராஜுக்கு உறைத்தது.

“மேடம், வேண்டாம்.”

“அசையாம பிடிங்க.”

“உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு, மேடம். வேற வழி பார்க்கலாம். அந்த நோட்டுல எழுதினது தப்பா இருக்கலாம். அது வேற பெட்டியா இருக்கலாம்.”

“இருக்கலாம்,” என்றார் சங்கமித்திரை. “பிடிங்க.”

பஞ்சு தகட்டின் மேல் ஒரு முறை போயிற்று. நீலம் பஞ்சில் ஏறியது. இரண்டாவது பஞ்சு. மூன்றாவது. தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு கூறு. துடைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இருதயராஜ் பிடித்திருந்த இடுக்கி ஆடியது. தகடு கிணுகிணு என்று சத்தம் போட்டது. தன் கையால் அது உடைந்துவிடும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஓரத்தில் ஒட்டியிருந்த கடைசி நீலத்தை அமிலத்தில் முக்கி எடுத்தார்கள். கழுவினார்கள். உலர்த்தினார்கள்.

மேசையில் இரண்டு தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எது யாருடையது என்று சொல்ல முடியாதபடி இருந்தன. சங்கமித்திரை தன்னுடையதன் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்து ஒன்று என்று எழுதினார்.



குளிரூட்ட நாற்பது நிமிடம் ஆனது.

அந்த நாற்பது நிமிடமும் இருதயராஜ் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். எதிரொலி வரக் கூடாது என்று வேண்டினார். இந்தத் தகடு ஊமையாக இருக்க வேண்டும். மேடம் சரியாக இருக்க வேண்டும். தன் கை தப்பாக இருக்கட்டும், தன் மூன்று வருடம் தப்பாக இருக்கட்டும், பாதகமில்லை. மாதா, இது மட்டும் வேண்டாம்.

பிறகு ஸ்மிதாராணி நினைவுக்கு வந்தாள். வேண்டுதல் அறுந்துபோயிற்று. எதை வேண்டுவது என்று தெரியாமல் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நீங்க அளங்க,” என்றார் சங்கமித்திரை. “நான் பார்க்கலை.”

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

இருதயராஜ் தட்டினார்.

திரையில் கோடு எழுந்தது.

இடைவெளியைக் கூட்டினார். ஐந்து. பத்து. கோடு இருந்தது. இருபது. இருந்தது. முப்பது. கோடு மெலிந்து, ஆனாலும் இருந்தது. அதற்கு மேல் அவர் கண் கலங்கி எண் சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“சொல்லுங்க,” என்றார் சுவரைப் பார்த்திருந்தவர்.

இருதயராஜால் சொல்ல முடியவில்லை.

“சத்தமா சொல்லுங்க, சார்.”

“முப்பத்தொன்பது.”

சங்கமித்திரையின் தோள் கொஞ்சம் இறங்கியது.

“அன்னைக்கும் முப்பத்தொன்பதுதான் வந்தது,” என்றார். “நான்தான் நாற்பதுன்னு எழுதினேன்.”



மணி நாலே முக்கால். வெளியே வெயில் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சங்கமித்திரை இருதயராஜைக் கணினி முன்னால் உட்கார வைத்தார். தான் நின்றுகொண்டே சொன்னார். அவர் தட்டச்சு செய்தார்.

கடிதம் நீளமாக இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் வந்த கட்டுரை தவறானது. எதிரொலி படலத்திலிருந்து வரவில்லை, தகட்டிலிருந்து வந்தது. படலம் ஒன்றைத் துடைத்துவிட்டு அளந்து உறுதி செய்யப்பட்டது. கண்டுபிடித்தவர் இருதயராஜ். தவறு சங்கமித்திரையுடையது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

யாருக்கு அனுப்புவது என்று இருதயராஜ் கேட்டார். ஆய்விதழுக்கு, நான்கு குழுக்களுக்கு, நிலையத்தின் இயக்குநருக்கு என்றார் சங்கமித்திரை.

இருதயராஜ் பெயர்களைச் சேர்த்தார். ஸ்மிதாராணியின் பெயரைக் கேட்காமலே சேர்த்தார்.

“இனி உங்க பட்டம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, சார்,” என்றார் சங்கமித்திரை. “என் வேலை என்ன ஆகும்னும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ஏதாவது சொல்லி உங்களைத் தேத்த முடியலை.”

தலையாட்டினார் இருதயராஜ். பயம் போகவில்லை. அது அப்படியே இருந்தது. இப்போது அறையில் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. சங்கமித்திரையின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

இருதயராஜ் விரலை மவுஸ் பொத்தானின் மேல் வைத்தார். அழுத்த வரவில்லை. அழுத்திவிட்டால் நாளைக் காலையில் இந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். யார் யார் நடைபாதையில் நிற்பார்கள், யார் யார் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் மேடத்தை எப்படிப் பார்ப்பார்கள்.

வெளியே ஐந்தரை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

“ராத்திரி ஒரு தடவை நிதானமா படிச்சுப் பார்த்துட்டு, நாளைக்கு அனுப்பலாமா, மேடம்?”

சங்கமித்திரை சன்னல் பக்கம் பார்த்தார்.

“வெறும் தகட்டை நாளைக்கு அளந்துக்கலாம்னு நானும் ஒரு நாள் வீட்டுக்குப் போனேன்,” என்றார்.

“எப்போ, மேடம்?”

“பதினோரு வருஷம் ஆச்சு.”

இருதயராஜ் அழுத்தினார்.